பிடரியில் பச்சை விளக்கு

டிரைவர் ஆறுச்சாமியின் பிடரியில் பச்சை விளக்கு எரிந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் தலையைச் சுற்றி அந்தப் பட்டையையே மாட்டியிருந்தார்கள்.

வால்பாறை பஸ் நிலையத்தில் காலைப் பனி இன்னும் கலையவில்லை. 'சோலைமலை டிரான்ஸ்போர்ட்' பஸ்ஸின் முகத்தில் கனமான சாமந்தி மாலை. பக்கவாட்டில் 'மனம் அலையாத முதல் பஸ்' என்று துணிப் பதாகை. பத்திரமாகப் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், சாயங்காலம் போக்குவரத்து வாரியத்தின் முன்னால் தாட்சாயணி ஒப்புதல் கையெழுத்துப் போடுவாள். அடுத்த மாதத்திலிருந்து மாநிலத்தின் அத்தனை மலைப்பாதை டிரைவர்களின் பிடரியிலும் பச்சை விளக்கு எரியும்.

தாட்சாயணி மனோதத்துவம் படித்தவள். டிரைவர்களின் கவனத்தைச் சோதிப்பது அவள் தொழில். இருட்டறையில் உட்காரவைத்து, பொய் ரோட்டில் பொய் பஸ்ஸை ஓட்டச் சொல்லுவாள். நடுவில் செல்போனை அலறவிடுவாள். பின் ஸீட்டில் சண்டை மூட்டுவாள். குழந்தையை அழவிடுவாள். டிரைவரின் கண் ரோட்டைவிட்டு எங்கே போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று அளப்பாள். குழந்தை அழுகைக்குத் திரும்பினால் மதிப்பெண் அதிகமாகவே குறையும்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அக்கா மாலினி போன பஸ்ஸில் ஒரு குழந்தை வீறிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அந்த பஸ்ஸிலிருந்து மாலினியைப் போர்வையில் சுற்றித்தான் எடுத்தார்கள். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. பிஸ்கட் கீழே விழுந்ததற்காக அழுதிருந்தது.

'நேர்விழி லேப்ஸ்' இந்தப் பட்டையைக் கொண்டுவந்தபோது தாட்சாயணி முதலில் நம்பவில்லை. பிறகு சோதித்தாள். பட்டை இல்லாமல் தடுமாறித் தோற்ற ஆறுச்சாமி, பட்டையோடு நூற்றுக்கு நூறு வாங்கினார். சோதனை முடிந்து வரும் ஒவ்வொருவரிடமும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "உள்ள என்ன கேட்டுச்சு, அண்ணா?"

பட்டை மாட்டிய அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஒண்ணும் கேக்கலீங்க, மேடம்."

"ஏனுங் மேடம், இத மாட்டுனா இவருக்குக் காதே கேக்காதுங்களா?"

பின் ஸீட்டிலிருந்து கேட்டவள் ருக்மணி, ஆறுச்சாமியின் மனைவி. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று கம்பெனிதான் அவளையும் ஏழு வயது மகள் கனிஷ்காவையும் ஏற்றியிருந்தது.

"கேக்கும்மா. ஹாரன், டயர், பிரேக், எதிர வர்ற வண்டி, வண்டி மேல எதாவது இடிச்சா அந்தச் சத்தம், ரோட்டுக்கு வேண்டியதெல்லாம் மனசுக்குப் போகும். மத்ததைப் பட்டை உள்ள விடாது."

"நாங் கூப்பிட்டா?"

"விடாது."

"அட, பட்டை இல்லாமயே பன்னெண்டு வருசமா அப்படித்தானுங் இருக்காரு."

பஸ்ஸே சிரித்தது. கனிஷ்காவுக்கு விளையாட்டாகிவிட்டது. ஓடிப்போய் டிரைவர் ஸீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள். ஆறுச்சாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போவ்." பச்சை விளக்கு சற்றே பிரகாசமானது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் சிரிக்கவில்லை.

"இங்க பாரு பாப்பா, நீ கூப்பிடக் கூப்பிட அப்பாவுக்கு மார்க் ஏறுது" என்று டேப்லெட்டை நீட்டினான் சஞ்சீவன். நேர்விழி லேப்ஸின் இளம் இஞ்சினியர். கனிஷ்கா டேப்லெட்டைப் பார்க்கவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்க் கடைசி ஸீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

கண்டக்டர் அபுதாகிர் பழக்கத்தில் ரெண்டு விசில் அடித்தார். பஸ் நகரவில்லை.

"விசிலும் போகாதுங்களா?" முகம் விழுந்துவிட்டது அவருக்கு.

"லேப்ல விசில் கேட்டாலே டிரைவருங்க உள்கண்ணாடியப் பாத்தாங்க, பாய்" என்றாள் தாட்சாயணி. "ஒவ்வொரு பார்வையும் ரோட்டுல இருந்து திருடுற நேரம். அதனால விசிலையும் பஸ்ஸுக்குள்ள கேக்குற சத்தத்தையும் எடுத்துட்டோம். நிறுத்தவும் கிளப்பவும் உங்களுக்குத்தான் பொத்தான் குடுத்திருக்கோமே."

அபுதாகிர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பஸ் கிளம்பியது.

நிலையத்தைத் தாண்டவில்லை, எஸ்டேட் ஆள் ஒருவர் மூட்டையோடு ஓடிவந்து பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆறுச்சாமியின் கால் உடனே பிரேக்குக்குப் போனது. மூட்டையும் ஆளும் ஏறியதும், கீழே நின்ற யாரோ ரெண்டு தட்டுத் தட்டினார்கள். பஸ் நகர்ந்தது.

"நம்ம விசிலுக்கு மரியாதை இல்ல, தகரத்துக்கு இருக்குதுங்க" என்றார் அபுதாகிர். "ஒண்ணு தட்டுனா நில்லு, ரெண்டு தட்டுனா போ. விசிலுக்கும் இதேதானுங்."

தாட்சாயணி சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மலை இறங்க ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறுச்சாமி ஓட்டிய அழகை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அளந்து வைத்த மாதிரி ஹாரன். கியர் மாறுவதே தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் வேகத்தைக் குறைத்தார். எதற்கு என்று எல்லோரும் எட்டிப் பார்க்கும்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு வரையாடு நிதானமாக ரோட்டுக்கு இறங்கியது. நின்று பஸ்ஸைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் தாவிப் போனது.

"நம்ம யாருக்காவது தெரிஞ்சுதா மேடம்? கொம்பு நுனிய வெச்சே கண்டுபிடிச்சிருக்காரு." சஞ்சீவன் குரலில் பெருமை வழிந்தது.

தாட்சாயணி ஆறுச்சாமியின் பிடரியைப் பார்த்தாள். மாலினியின் பஸ்ஸில் இது இருந்திருந்தால் என்று நினைத்தாள். தினமும் நினைப்பதுதான்.

முதலில் வந்தது வாடை. மலை இறங்கும் பஸ்ஸில் பிரேக் காய்கிற வாடை சகஜம் என்பதால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் கனிஷ்கா, "அம்மா, ஸீட்டுக்கு அடியில சுடுது" என்றாள்.

ருக்மணி திரும்பிப் பார்த்தாள். கடைசி ஸீட்டின் அடியிலிருந்து வெண்புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. அங்கேதான் நேர்விழி லேப்ஸின் பெட்டி இருந்தது. பயணம் முழுவதையும் பதிவு செய்வதற்காக, பேட்டரிகள் அடைத்த பெட்டி.

ருக்மணி பாய்ந்து போய் மகளை இழுத்ததும் ஸீட்டுக்கு அடியில் நெருப்பு சீறியதும் ஒரே சமயத்தில் நடந்தன. பிள்ளையின் பின்னல் நுனி கருகிவிட்டது. அபுதாகிர் தீயணைப்பு உருளையை எடுத்து அடித்தார். அணைந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி பற்றிக்கொண்டது. உருளையில் இருந்ததெல்லாம் தீர்ந்தும் நெருப்பு தீரவில்லை. பின்வாசலுக்கு இனி யாரும் போக முடியாது.

"ஆறுச்சாமி, வண்டிய நிறுத்து" என்று கத்தினார் அபுதாகிர்.

பஸ் அடுத்த வளைவுக்கு அழகாக ஹாரன் அடித்தது.

அபுதாகிர் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். "என்ன தம்பி, வேலை செய்யல?"

சஞ்சீவனின் முகம் வெளுத்திருந்தது. "மலைப்பாதையில லாக் ஆகியிருக்கும். வளைவுல நிறுத்தக் கூடாதுன்னு நாமளே போட்ட லாக். கன்ட்ரோல் ரூம்ல இருந்துதான் எடுக்க முடியும். இங்க டவர் இல்ல."

"அப்ப அந்த எழவுப் பட்டையக் கழட்டு."

"ஓடும்போது கழட்டக் கூடாது, பாய்" என்றாள் தாட்சாயணி. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "தூக்கத்துல தட்டி எழுப்பின மாதிரி கொஞ்ச நேரம் ஒண்ணுமே புரியாது. இந்த ரோட்டுல அந்தக் கொஞ்ச நேரம் போதும்."

ஜன்னலுக்கு வெளியே, வெகு கீழே, ஆழியாறு அணையின் தண்ணீர் வெயிலில் மின்னியது.

எல்லோரும் முன்பக்கம் நெருக்கினார்கள். இருமல், அழுகை, சாமி பெயர்கள். அபுதாகிர் விசிலை எடுத்து நரம்பு புடைக்க ஊதினார். கூரையில் குத்தினார். ருக்மணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கணவனின் தோளைப் பிடித்தாள்.

"ஏனுங், உங்க புள்ள எரியறாளுங்க. நிறுத்துங்க."

ஆறுச்சாமி ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். தோளில் உட்கார்ந்த ஈயைத் தட்டிவிடுவது போல, கோபமே இல்லாமல், அவள் கையை விலக்கினார். கை மறுபடி ஸ்டியரிங்குக்குப் போனது. ருக்மணி விலக்கப்பட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா" என்று அலறினாள் கனிஷ்கா. பிடரி விளக்கு பளிச்சென்று எரிந்தது. சஞ்சீவனின் டேப்லெட்டில் நூறு. கீழே இறங்காத நூறு.

தாட்சாயணி ரோட்டையே பார்த்தாள். ஒரு வரையாடு வரக் கூடாதா, ஒரு குரங்கு, எதிரே ஒரு லாரி. ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. இந்த மனுஷனுக்கு உலகத்தில் ரோடு மட்டும்தான் இருக்கிறது. ரோடும் வண்டியும். வண்டியின் மேல்...

தகரம்.

பஸ்ஸுக்கு உள்ளே எழும் எல்லாச் சத்தத்தையும் அவள் விலக்கி வைத்திருந்தாள். வெளித் தகரத்தில் விழும் அடியை விலக்கவில்லை. யாரையாவது உரசினால் டிரைவருக்குத் தெரிய வேண்டுமே என்று, அவளே அதை உள்ளே விடச் சொல்லியிருந்தாள்.

ஜன்னலை ஏற்றிவிட்டு இடுப்பு வரை வெளியே சாய்ந்தாள். பாறைச் சுவர் முகத்தை ஒட்டி ஓடியது. உண்ணிச்செடியின் முட்கள் கையைக் கிழித்தன. உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி அடித்தாள். பதற்றத்தில் இன்னொன்றும் சேர்ந்து விழுந்தது.

டப். டப்.

ஆறுச்சாமி தலையசைத்தார். கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்.

வளைவில் பஸ் சாய்ந்தது. உள்ளே நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். தாட்சாயணியின் உடம்பு ஜன்னலைத் தாண்டி நழுவியது. யாரோ அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்தார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு அபுதாகிரின் குரல் வந்தது.

"ரெண்டு தட்டுனா போன்னு அர்த்தம்ங்க. ஒண்ணு. ஒரே ஒண்ணு தட்டுங்க."

அவள் கையை ஓங்கினாள். பாறை விலகட்டும் என்று காத்திருந்தாள். பின்னால் ஒரு கண்ணாடி வெடித்துச் சிதறியது. அதுவும் ஒரு தட்டாக ஆறுச்சாமிக்குப் போயிருந்தால்? போயிருந்தால் போகட்டும். பாறை விலகியது.

டப்.

அடித்த கையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு தரம் தட்டிவிடக் கூடாதே என்று.

ஆறுச்சாமி முன்னால் பார்த்தார். ரோடு அகலமாகும் இடம் வரை நிதானமாக வந்தார். கைப்பிடிச் சுவரை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

முன்வாசல் வழியாக எல்லோரும் கொட்டிய மாதிரி வெளியே விழுந்தார்கள். ருக்மணி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அபுதாகிர் வெந்துபோன கையோடு, கடைசி ஆளையும் இறக்கிவிட்டுத்தான் குதித்தார். பஸ்ஸின் பின்பாதி முழுதாகப் பற்றியது.

ஆறுச்சாமி பஸ்ஸின் இடப்பக்கம் குனிந்து நின்றிருந்தார். தகரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே இடித்தது, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று. பத்தடி தூரத்தில் தீ. பதாகை அவர் தலைக்கு மேல் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. இருமிக்கொண்டு ஓடிய ஒரு கிழவர் அவர் மேல் மோதினார். அவர் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி தடவினார்.

சஞ்சீவனும் தாட்சாயணியும் அவரை இழுத்துக்கொண்டு தூரமாக ஓடினார்கள். சஞ்சீவனின் விரல் பட்டையின் பூட்டைத் தேடியது. பச்சை அணைந்தது.

ஆறுச்சாமி கண்ணைச் சிமிட்டினார். தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி சுற்றிலும் பார்த்தார். எரியும் பஸ்ஸைப் பார்த்தார். மனைவியை, அவள் தோளில் முகம் புதைத்திருந்த மகளை, கருகிய பின்னலைப் பார்த்தார். ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

மாற்று பஸ் வரும் வரை எல்லோரும் கைப்பிடிச் சுவர் நிழலில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. சஞ்சீவன் தாட்சாயணியைத் தனியே கூப்பிட்டான்.

"மேடம், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பின்னாடி தீ, காதுகிட்ட அத்தனை அலறல். வேற டிரைவரா இருந்தா பதறிப்போய்ப் பள்ளத்துல விட்டிருப்பான். இவர் கை நடுங்கல. பெட்டி எங்க தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நம்மளைக் காப்பாத்தினது பட்டைதான்."

மாலினியின் பஸ்ஸை ஓட்டியவர் அப்படித்தான் பதறித் திரும்பினார் என்று நினைத்தாள் தாட்சாயணி.

"விசிலைச் சேத்துருவோம். 'தீ'ங்கற சொல்லைச் சேத்துருவோம். பொத்தானோட லாக்கை எடுத்துருவோம். மூணே திருத்தம். மத்தபடி அவருக்கு ஒண்ணுமே கேக்கல, கலங்கவும் இல்ல. நாம நிரூபிக்க நெனச்சதும் அதுதான?"

தாட்சாயணி அவன் கையிலிருந்த பட்டையை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆறுச்சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் கையில் வைத்திருந்தார்.

"உள்ள என்ன கேட்டுச்சு, அண்ணா?"

பழக்கத்தில் வந்த கேள்விதான். பழகின பதிலைத்தான் எதிர்பார்த்தாள்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "எல்லாமே கேட்டுச்சுங்க, மேடம்."

"என்ன?"

"விசில் கேட்டுச்சு. பாய் கத்துனது கேட்டுச்சு. இவ தோளப் புடிச்சுப் புள்ள எரியறான்னு சொன்னா, அதும் கேட்டுச்சு. பாப்பா அப்பான்னு கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சுங்க."

"அப்புறம் ஏன்..."

"யாரோ யாரையோ கூப்புடற மாதிரி இருந்துதுங்க. டீக்கடையில ரேடியோ ஓடும் பாருங்க. கேக்கும், நமக்கில்லைன்னு இருப்போமில்ல, அப்படி. எம் புள்ள குரல்னு தெரியுது. அதுக்கு நா என்ன பண்ணோணும்னுதான் தோணல."

"லேப்ல கேட்டப்ப ஒண்ணும் கேக்கலன்னு சொன்னீங்களே, அண்ணா."

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கலன்னு சொன்னாத்தான் பாஸ்னு வெளிய பேசிக்கிட்டாங்க. எல்லாருமே அப்படித்தானுங் சொன்னோம். நீங்களும் சந்தோசப்பட்டீங்க."

தாட்சாயணி மலையைப் பார்த்தாள். பட்டை சத்தத்தை நிறுத்தவேயில்லை. சத்தத்துக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்றைத்தான் அறுத்துவிட்டிருந்தது. விசிலைச் சேர்க்கலாம், 'தீ' என்ற சொல்லைச் சேர்க்கலாம். இதை எந்தத் திருத்தத்தில் சேர்ப்பது?

செல்போனில் டவர் வந்தபோது வாரியத்துக்குச் சுருக்கமாகப் பேசினாள். கையெழுத்து இல்லை என்றாள். அந்தப் பக்கம் என்னென்னவோ சொன்னார்கள். விபத்துக் கணக்குகளைச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த கணக்குகள்தான், அவளே தயாரித்தவை. இல்லை என்றாள் மறுபடி.

மாற்று பஸ் வந்தது. டிரைவர் பெரியவர், வெற்றிலை வாய். கிளம்பியதிலிருந்து எரிந்த பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். உள்கண்ணாடியை அடிக்கடி பார்த்தார். ஒவ்வொரு பார்வைக்கும் தாட்சாயணியின் கை முன் ஸீட்டுக் கம்பியை இறுக்கியது. மதிப்பெண் போடும் மனசு நிற்க மாட்டேன் என்றது.

வழியில் கனிஷ்கா திடீரென்று வீறிட்டு அழுதாள். அதுவரை அழாதவள். பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார். அடுத்த நொடி பஸ் ஓரமாகப் போய் நின்றது. நின்ற பிறகுதான் அவர் உடம்பைத் திருப்பினார்.

"என்னாச்சு கண்ணு? வயித்தப் புரட்டுதா? காத்தாட நிக்கிறியா?"

ஆறுச்சாமி எழுந்து மகளிடம் போனார். "பாப்பா" என்று கையை நீட்டினார். கனிஷ்கா அந்தக் கையைப் பார்த்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். ருக்மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் மறுபடி கிளம்பியது. நின்றுகொண்டே வந்த ஆறுச்சாமி, மெல்ல நகர்ந்து தாட்சாயணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் யார் காதிலும் விழாதபடி குனிந்து கேட்டார்.

"மேடம், அந்தப் பட்டை வேலை செய்யுதுங்களா?"

"ஏன் அண்ணா?"

"பொள்ளாச்சி போற வரைக்கும் மட்டும் மாட்டி விடறீங்களா?"

அவள் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே பட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.